மறு: ஈர்ப்பு வில்லைக்குச் சறுக்குப்பெயர்ச்சி பொருந்துமா?

கோபி அண்ணாவுக்கும் நாமக்கல் டீச்சருக்கும் குழுவில் உள்ள மற்றவர்களுக்கும் வணக்கம்ங்க.

நேற்று வந்த இரண்டு மடல்களையும் படித்தேன். விண்மீன் மண்டலக் கொத்துகளை எடைபோடும் கட்டுரை கோடை விடுமுறைக்குள் பிள்ளைகள் கைக்குப் போயாக வேண்டும். அதில் வரும் மற்ற ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் பெரும்பாலும் முடிந்துவிட்டது. 'ஷியர்' மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. கொத்தின் எடை, பின்னாலிருந்து வரும் ஒளியை வளைத்து வில்லைபோல வேலை செய்வதுதான் ஈர்ப்பு வில்லை; அப்போது பின்னணி மண்டலத்தின் பிம்பம் எவ்வளவு இழுபடுகிறது என்பதன் அளவு ஷியர். நீங்கள் இருவரும் சொன்ன சொற்களில் எனக்கு உடன்பாடு இல்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

> பதினொன்றாம் வகுப்பிலேயே சறுக்குப்பெயர்ச்சித் தகைவு, சறுக்குப்பெயர்ச்சித் திரிபு என்று இருக்கிறதே. பிள்ளைகள் படித்த சொல்லை விட்டுவிட்டு எதற்குப் புதிதாகக் கட்ட வேண்டும்?

அண்ணா, பாடநூல் சொல்லுக்குத்தான் முதல் உரிமை என்பதில் நானும் உங்கள் கட்சிதான். பல்லடத்தில் அந்தப் பாடத்தை நடத்துகிறவள் நான். ஆனால் அந்தச் சொல் மனதில் எழுப்பும் படம் வேறு, வானத்தில் நடப்பது வேறு. பாடநூல் படத்தில் கனசதுரத்தின் அடிப்பக்கம் அசையாமல் நிற்கும், மேல்பக்கத்தைத் தள்ளுவோம், சதுரம் இணைகரமாகச் சாயும். அந்தச் சாய்வுக்குள் இரண்டு மாற்றங்கள் கலந்திருக்கின்றன. ஒரு மூலைவாட்டில் நீண்டு மற்ற மூலைவாட்டில் ஒடுங்குவது ஒன்று. மொத்தமாகக் கொஞ்சம் சுழல்வது இன்னொன்று.

ஈர்ப்பு வில்லையில் அந்த இரண்டாவது மாற்றம் கிடையாது. ஒரே ஒரு கொத்து வில்லையாக நிற்கும்போது, ஒளியின் விலகலை ஒரு சார்பின் வகைக்கெழுவாக எழுதிவிடலாம். அதனால் பிம்பத்தின் மாற்றத்தைச் சொல்லும் அணி சமச்சீராகவே வரும். சமச்சீரான அந்த அணியில் சுழற்சிக்கு இடமில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பல வில்லைகள் இருந்தால் மிகச் சிறிய சுழற்சி வரும்தான். அதைத் தனியாகக் கணக்கில் எடுக்கிறார்கள், காமா என்ற எழுத்தால் குறிக்கும் ஷியரோடு சேர்ப்பதில்லை.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைப் பனியன் துணியை வைத்தே காட்டிவிடலாம். துவைத்த பனியனில் பக்கத் தையல் நேராக நிற்காமல் முன்பக்கம் திரும்பி வந்து நிற்குமே, அது சறுக்குப்பெயர்ச்சிக்கு நெருக்கமான படம். அதே துணியில் வட்டப் பொட்டுகள் அச்சிட்டு இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தால், இழுத்த பக்கம் பொட்டு நீளும், குறுக்கே ஒடுங்கும், தையல் எங்கும் திரும்பாது. காமா என்பது இந்த இரண்டாவது. துணியை எல்லாப் பக்கமும் சமமாக இழுத்துப் பொட்டு வட்டமாகவே பெரிதானால் அது காப்பா. அதற்குக் 'குவிவு' என்று போன மாதமே ஒத்துக்கொண்டோம்.

> கோட்டம் என்று வைப்போம். 'சொற்கோட்டம் இல்லது செப்பம்' என்று குறளிலேயே இருக்கிறது. சின்னச் சொல், வாயில் நிற்கும்.

டீச்சர், அழகான சொல்தான், எனக்கும் ஆசையாக இருக்கிறது. ஆனால் கோட்டம் என்றால் வளைவு. மெல்லிய ஈர்ப்பு வில்லை விளைவில், அதாவது பிம்பம் லேசாகவே மாறும் நிலையில், காமா பிம்பத்தை வளைப்பதே இல்லை. வட்டம் நீள்வட்டமாகிறது, அவ்வளவுதான். ஏபெல் 370 என்ற கொத்தின் படத்தில் வில்போல நீண்டு வளைந்து கிடக்கும் ஒளிக்கீற்று வலிய விளைவு. அதை 1980களின் நடுவிலேயே கண்டுவிட்டார்கள். அப்புறம் இன்னொன்று: காமாவுக்கு அடுத்த படியில், பிம்பம் லேசாக வாழைப்பழ வடிவில் வளைவதை அளக்கும் 'ஃபிளெக்‌ஷன்' என்று ஒரு அளவு இருக்கிறது. கோட்டம் என்ற சொல் அதற்கு அச்சாகப் பொருந்தும். இப்போதே செலவழித்துவிட்டால் நாளைக்கு அதற்குச் சொல் தேடி அலைய வேண்டியிருக்கும்.

என் பரிந்துரை: நீளொடுக்கம். நீள்வதும் ஒடுங்குவதும் ஒரே சொல்லில். 'நீட்சி' என்று மட்டும் சொன்னால் பாதிதான் வருகிறது, பாடநூலில் கம்பி நீள்வதற்கும் அந்தச் சொல்லே நிற்கிறது. ஒடுக்கமான சந்து, ஒடுக்கமான வாசல் என்று நாம் தினமும் சொல்கிறவர்கள்தானே. பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம்.

அளக்கும் வேலையில் இந்தச் சொல் தாங்குமா என்று பார்த்தால்தான் முடிவுக்கு வர முடியும். கொத்துக்குப் பின்னால், அதைவிட வெகு தொலைவில் இருக்கும் மங்கலான மண்டலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கேமராவில் அது சில பிக்சல் அகலமே உள்ள ஒரு புகைப்பொட்டு. பிறவியிலேயே அது நீள்வட்டமாகத்தான் இருக்கும். அந்த நீள்வடிவத்தின் சிதறல், அதாவது மண்டலத்துக்கு மண்டலம் அது மாறும் அளவு, சுமார் 0.3. கொத்து அதன்மேல் ஏற்றும் நீளொடுக்கமோ பெரும்பாலும் சில சதவீதம். ஒற்றை மண்டலத்தைப் பார்த்து இதில் எவ்வளவு சொந்தம், எவ்வளவு கொத்து கொடுத்தது என்று யாராலும் பிரிக்க முடியாது. ஆனால் பிறவி வடிவங்கள் ஆளுக்கொரு திசையில் நிற்பதால் சராசரி எடுக்கும்போது ஒன்றையொன்று அடித்துவிடும். 900 மண்டலங்களைச் சேர்த்தால் சிதறல் முப்பதில் ஒரு பங்காகி 0.01க்கு இறங்கும். சில சதவீத நீளொடுக்கம் அப்போது தலைகாட்டும்.

அது தலைகாட்டும் திசையும் முக்கியம். கொத்தைச் சுற்றி வளையம் வளையமாக வரைந்து பார்த்தால் பின்னணி மண்டலங்கள் வளையத்தின் போக்கிலேயே லேசாக நீண்டிருக்கும். இதைச் சுற்றுவாட்டு நீளொடுக்கம் என்போம். பொருள் குறைந்த வெற்றிடத்தைச் சுற்றியானால் மையத்தை நோக்கி நீளும். அது ஆரவாட்டு நீளொடுக்கம். வளையத்துக்கு 45 பாகை சாய்ந்த பங்கு ஒன்றும் உண்டு, மூலைவாட்டு நீளொடுக்கம். ஈர்ப்பு மட்டுமே காரணம் என்றால் இந்த மூன்றாவது, வளையம் முழுக்கச் சராசரி எடுத்தால் பூச்சியமாக வேண்டும். ஆகவில்லை என்றால் தொலைநோக்கியிலோ கணக்கிலோ கோளாறு. காற்றும் கண்ணாடியும் சேர்ந்து புள்ளியாக இருக்க வேண்டிய நட்சத்திரத்தையே நீட்டிவிடும். அதனால் அதே படத்தில் உள்ள நட்சத்திரங்களின் வடிவத்தை வைத்து அந்தக் கறையை முதலில் கழிக்கிறார்கள். கழித்தது சரியா என்று பார்க்க மூலைவாட்டுப் பங்கு ஒரு நல்ல சோதனை. சறுக்குப்பெயர்ச்சி என்று வைத்துக்கொண்டு 'மூலைவாட்டுச் சறுக்குப்பெயர்ச்சி' என்று எழுதிப் பாருங்கள் அண்ணா. என்ன எங்கே சறுக்குகிறது என்று பிள்ளை தேட ஆரம்பித்துவிடும்.

எடை எப்படி வருகிறது என்பதும் இந்தச் சொல்லோடு ஒட்டி நிற்கிறது. ஒரு வளையத்தில் அளந்த சுற்றுவாட்டு நீளொடுக்கத்தை, தொலைவுகளிலிருந்து கிடைக்கும் ஒரு மாறுநிலை அடர்த்தியால் பெருக்கினால், வளையத்துக்கு உள்ளே உள்ள சராசரிப் பரப்பு அடர்த்திக்கும் வளையத்தின் மேலேயே உள்ள அடர்த்திக்கும் உள்ள வித்தியாசம் கிடைக்கும். வித்தியாசம் மட்டும்தான், வானம் முழுக்க ஒரே சீராகப் பொருளைப் பரப்பி வைத்தால் குவிவு கூடும், நீளொடுக்கம் அசையாது. குவிவும் நீளொடுக்கமும் தனித்தனிச் சொல்லாக, ஒன்றை மற்றதாக நினைத்துவிடாதபடி இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

இந்த முறையின் அருமையே அது கொத்து அடங்கி நிற்கிறதா என்பது பற்றி எதையும் அனுமானித்துக்கொண்டு தொடங்காததுதான். வானியலாளர் சுவிக்கி 1933இல் கோமா கொத்தை எடைபோட்டது மண்டலங்கள் ஓடும் வேகத்தை வைத்து. கொத்து நிலைத்து நிற்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் அந்தக் கணக்கு. எக்ஸ்கதிர் முறையும் வாயு சமநிலையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. வில்லைக்கு அந்தக் கவலை இல்லை. பொருள் ஒளிர்கிறதா, இருண்டதா, அடங்கி நிற்கிறதா, மோதிக்கொண்டிருக்கிறதா என்று அது கேட்பதில்லை. 1937இல் மண்டலங்களே வில்லையாகும் என்று எழுதியவரும் அதே சுவிக்கிதான். கொத்துகளைச் சுற்றிப் பின்னணி மண்டலங்கள் வரிசைபிடித்து நிற்பதை டைசனும் கூட்டாளிகளும் 1990இல் ஏபெல் 1689 போன்றவற்றில் காட்டினார்கள். அந்த வடிவங்களிலிருந்து பொருண்மை வரைபடமே வரையும் வழியைக் கைசரும் ஸ்கொயர்ஸும் 1993இல் கொடுத்தார்கள். 2006இல், இரண்டு கொத்துகள் மோதிக் கடந்த புல்லட் கொத்தில் வாயு நடுவே தேங்கி நிற்க, எடை மண்டலங்களோடு விலகிப் போயிருந்தது தெரிந்தது இந்த வரைபடத்தால்தான். கட்டுரையில் இந்தப் பகுதியை யாரும் குறைத்துவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

'மெல்லிய' என்ற அடைமொழி பற்றியும் ஒரு வார்த்தை. மென்வில்லை என்றால் கண்ணில் போடும் லென்ஸ் நினைவுக்கு வருகிறது. நுண்வில்லை வேறொரு நிகழ்வுக்கு வேண்டும். ஒரு நட்சத்திரம் இன்னொன்றின் முன்னால் கடக்கும்போது வருவது. மெலிவில்லை என்று சேர்த்தெழுதினால் 'மெலிவு இல்லை' என்றாகிவிடும். 'மெல்லிய ஈர்ப்பு வில்லை விளைவு' என்று பிரித்தே எழுதலாம், எல்லாவற்றையும் ஒட்டிக் கட்ட வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. வடிவங்களிலிருந்து நேராகக் கிடைப்பது காமா அல்ல, அதை ஒன்றிலிருந்து காப்பாவைக் கழித்து வரும் எண்ணால் வகுத்த அளவு. கொத்தின் விளிம்பில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், மையத்தை நெருங்க நெருங்க விலகும். இதற்குத் 'தோற்ற நீளொடுக்கம்' சரிவருமா? அண்ணா, 'தோற்ற' என்பதை ஒளியியலில் வேறு இடத்தில் பயன்படுத்தியிருக்கிறோமா என்று பட்டியலைப் பார்த்துச் சொல்லுங்கள். டீச்சர், மூலைவாட்டம் நாமக்கல் பக்கம் வழக்கில் உண்டுதானுங்களே? அங்கே வேறு சொல் இருந்தால் அதையும் எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமை பட்டியலில் இரண்டையும் போட்டுவிடுகிறேன்.