உடற்பயிற்சியால் டிமென்ஷியாவில் மாற்றம் தெரிந்ததா? அனுபவங்களை எழுதுங்கள்

அம்மாவைப் பராமரிக்கும் மகள்:

அம்மாவுக்கு டிமென்ஷியா என்னும் மறதிநோயின் ஒரு வகையான அல்சைமர் நோயின் தொடக்க நிலை. நரம்பியல் மருத்துவர் ஸ்கேன் படத்தில் ஒரு சிறு பகுதியைப் பேனா முனையால் தொட்டு, "புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் இதுதான், சுருங்கியிருக்கிறது" என்றார். தினமும் நடக்கச் சொன்னார். நடந்தால் இது மீளுமா என்று கேட்டேன். 2011இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். டிமென்ஷியா இல்லாத முதியவர்கள் 120 பேர். வாரம் மூன்று நாள் 40 நிமிடம் நடந்தவர்களுக்கு ஓராண்டில் அந்தப் பகுதி சுமார் 2 சதவீதம் பெரிதானது. தசைகளை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சுருங்கியது. நரம்பு செல்களின் வளர்ச்சிக்கு உதவும் பிடிஎன்எஃப் என்ற புரதம் ரத்தத்தில் கூடியவர்களிடம் வளர்ச்சியும் கூடுதலாக இருந்ததாம். "ஆனால் அவர்களுக்கு நோய் இல்லை. அம்மாவுக்கும் அப்படியே நடக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றும் சொல்லிவிட்டார். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

அப்பாவுடன் நடக்கும் மகன்:

உங்கள் மருத்துவர் சொன்னது சரி. அப்பாவுக்கு நோய் முற்றிய பிறகுதான் பயிற்சியே தொடங்கினோம். பிரிட்டனில் டிமென்ஷியா வந்துவிட்ட 494 பேரிடம் நடத்திய டாபா ஆய்வு 2018இல் வெளியானது. பயிற்சியால் உடல்வலு கூடியது. அறிவுத்திறன் சரிவதை அது தடுக்கவில்லை. படித்தபோது மனம் உடைந்துவிட்டது. ஆனால் அப்பா இப்போது நாற்காலியில் கையூன்றாமல் எழுகிறார், கழிப்பறைக்குத் தானே போய்வருகிறார். என் பெயர் அவருக்கு நினைவில்லை. இருந்தும் பயிற்சியை விடமாட்டேன். தூக்கிவிட்டுத் தூக்கிவிட்டு இடுப்பு ஒடிந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஐம்பதைக் கடந்த வாசகி:

பெற்றோர் இருவருக்குமே இந்த நோய் இருந்ததால் என்னைப் பற்றிய கவலை எனக்கு. அல்சைமரில் மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிவது, அறிகுறி தெரிவதற்குப் பதினைந்து இருபது ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடுகிறது. 2025இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஆய்வு எனக்குத் தெம்பளித்தது. அமிலாய்டு அதிகம் இருந்தும் நினைவாற்றல் குறையாதிருந்தவர்களில், கூடுதலாக நடந்தவர்களுக்கு இந்த நோயில் மூளையில் சேரும் இன்னொரு புரதமான டௌ மெதுவாகவே சேர்ந்தது. நாளொன்றுக்கு 5,000 முதல் 7,500 அடிகளுக்குள்ளேயே அந்தப் பலன் தெரிந்தது. ஆனால் அமிலாய்டு சேரும் வேகம் குறையவில்லை. நடையே காரணம் என்று அது நிரூபிக்கவில்லைதான். ஆனாலும் பத்தாயிரம் அடி என்று மலைத்து நின்ற எனக்கு இது எட்டக்கூடிய அளவு. மூட்டுவலியோடு நடப்பவர்கள் யாராவது இருந்தால், எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.