பாட்டியின் கூறைப்புடவை மடிப்பில் விடுகிறது, ஊஞ்சலுக்குக் கட்ட முடியுமா?

ஸ்ரீரங்கத்துப் பேத்தி:
வணக்கம். 1962-இல் பாட்டியின் கல்யாணத்துக்கு எடுத்த கூறைப்புடவை இப்போது என் கையில். அரக்கு நிறம், ஒன்பது கெஜம், காஞ்சிபுரம் பட்டு. பாட்டி போன வருஷம் தவறிவிட்டார். தையில் எனக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்குப் புதுக் கூறை எடுத்தாகிவிட்டது, ஊஞ்சலுக்காவது பாட்டியுடையதைக் கட்டிக்கொள்ள ஆசை.

டிரங்குப் பெட்டியில் பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் மடிப்பு வரிகளில் பிளேடால் கீறியதுபோல் வெளிச்சம் தெரிகிறது. ஒரு பக்கக் கரையில் சரிகை கறுத்திருக்கிறது. தலைப்பு உடலோடு சேரும் இடம் ஒரு சாண் அளவுக்குப் பிரிந்துவிட்டது. அந்துருண்டையும் சூடமும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள், எண்ணெய் சிந்தியதுபோல் ஒரு கறை, நாற்றம் தலையை வலிக்க வைக்கிறது.

ஒரு கடையில் ரோல் பாலிஷ் போட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்கிறார்கள். தெருவில் பழைய பட்டு எடுக்க வந்தவர், "இத்துப்போன புடவைய வச்சு என்னம்மா பண்ணப்போற, சரிகைக்கு நல்ல விலை தரேன்" என்றார். என்ன செய்யலாம்?

மயிலை மாமி:
குழந்தே, கறுத்த சரிகைக்கு டூத்பேஸ்ட்டை லேசாகத் தடவி மெல்லிய துணியால் துடை. என் வெள்ளிக் குத்துவிளக்கு அப்படித்தான் பளபளக்கிறது.

தறிக்காரர் மகன்:
மாமி கோபித்துக்கொள்ளக் கூடாது, சரிகையில் டூத்பேஸ்ட், புளி, எலுமிச்சை எதுவும் கூடாது. குத்துவிளக்கு முழுக்க வெள்ளி. தேய்த்தால் அடியிலும் வெள்ளிதான் இருக்கும். அசல் சரிகை அப்படியில்லை: நடுவில் சிவப்புப் பட்டு நூல், அதைச் சுற்றி வெள்ளிக் கம்பி, அதன் மேல் பேருக்குத் தங்க முலாம். தேய்த்தால் முதலில் போவது தங்கம். சந்தேகமிருந்தால் பிரிந்து தொங்கும் ஒரு சரிகை இழையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள் தங்கச்சி, உள்ளே சிவப்பு தெரிந்தால் அசல். பழைய பட்டு வாங்குகிறவர்கள் புடவையை எரித்து எடுப்பது அந்த வெள்ளியைத்தான். அவருக்கு உங்கள் பாட்டி யார் என்று தெரியவா போகிறது.

ரோல் பாலிஷும் வேண்டாம். பசை போட்டுச் சூடான உருளைக்குள் விடுவார்கள். இற்றுப்போன பட்டு அதைத் தாங்காது.

இரண்டு கேள்வி. கறுப்பு ஒரே பக்கம் என்றீர்களே, அங்கே ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்களா? மடிப்புக் கிழிசல் புடவையின் நீளவாக்கிலா, அகலவாக்கிலா?

ஸ்ரீரங்கத்துப் பேத்தி:
அண்ணா, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! ரப்பர் பேண்ட் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது, அதே இடத்தில்தான் கறுப்பு. கிழிசல் பெரும்பாலும் அகலவாக்கில். நீளவாக்கில் இரண்டே இடம். சுரண்டிப் பார்த்தேன், சிவப்பு நூல்தான்.

தறிக்காரர் மகன்:
ரப்பரில் கந்தகம் உண்டு, வெள்ளிக்கு அது ஆகாது. அந்தக் கறுப்பை அப்படியே விட்டுவிடுங்கள்.

கிழிசல் விஷயம்தான் கவலை. நீளவாக்கில் விட்டால் அறுந்தது ஊடை (குறுக்கு நூல்), பாவு (நீள நூல்) நன்றாக இருக்கும், பின்னால் துணி கொடுத்துத் தைத்து ஒரு மணி நேரம் கட்டலாம். அகலவாக்கில் விட்டால் அறுந்தது பாவு. இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டும் இழுப்பு முழுக்கப் பாவில்தான் விழும். மடிசார் கட்டிக் கச்சம் இழுத்தீர்களென்றால் ஊஞ்சல் பலகையில் உட்காரும்போதே சத்தம் கேட்கும். கட்டாதீர்கள்.

ஆனால் தலைப்பு பிரிந்த இடம் எனக்கு நல்ல சேதியாகப் படுகிறது. அது பெட்னி. தலைப்புக்கு வேறு நிறப் பாவு கொடுக்கும்போது பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புது இழையை முறுக்கிச் சேர்ப்பார்கள். எங்கள் வீட்டில் அப்பா தறியில் உட்கார்ந்திருக்க, அம்மா பக்கத்தில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு முறுக்குவார். உங்கள் புடவை அந்த வரியிலேயே விட்டிருக்கிறது. மீதியையும் அங்கேயே பிரித்தால் கத்தரியே வைக்காமல் தலைப்பு தனியாக வரும். அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஊஞ்சலில் உட்காருங்களேன்.

மயிலை மாமி:
பாட்டி புடவையைப் பிரிப்பதா? எனக்கு மனசு வரலை.

ஊசியும் நூலும்:
மாமி, பாதி பிரிந்ததை அப்படியே விட்டால் மீதி தாறுமாறாகக் கிழியும். அண்ணன் சொல்வது சரி. சென்னையில் நைந்த புடவைகளுக்குப் பின்னால் நெட் துணி கொடுத்துத் தைப்பது என் வேலை, பதினெட்டு வருஷமாக.

முதலில் நாற்றம். கட்டிலில் வெள்ளை வேட்டி விரித்து, அதன் மேல் புடவையைப் பரப்பி, வெயில் படாத அறையில் மின்விசிறியைப் போட்டு நாலைந்து நாள் விடுங்கள். கொடியில் தொங்கவிடக் கூடாது. அந்துருண்டையும் சூடமும் ஒன்றையொன்று தொட்டால் நம் ஊர்ச் சூட்டுக்கே இளகித் தண்ணீராகும். உங்கள் கறை அதுதான், காற்றாடினால் பெரும்பகுதி போய்விடும். தண்ணீர் வைக்காதீர்கள். நனைந்த பட்டுக்குப் பலம் குறைவு, அரக்குச் சாயமும் இறங்கும்.

தலைப்புக்கு மட்டும் பின்னால் மெல்லிய பட்டுத் துணியை அதே நிறத்தில் வைத்து, ஒற்றைப் பட்டு நூலில், கையால் தளர்வாக ஓட்டுத் தையல். மெஷின் ஊசி ஒவ்வொரு குத்துக்கும் ஓர் இழையை அறுக்கும். கிழிசலின் இரண்டு விளிம்பையும் இழுத்துச் சேர்க்க வேண்டாம், பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தால் போதும்.

உடல் பகுதியை இனி மடிக்காதீர்கள். துணிக்கடையில் தூக்கிப்போடும் அட்டைக் குழாயைக் கேட்டு வாங்கி, சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றி, அதன் மேல் கஞ்சி போடாத பழைய வேட்டியைச் சுற்றி, பிறகு புடவையைச் சுருட்டுங்கள். மேலேயும் வேட்டித் துணிதான், பிளாஸ்டிக் ஆகாது. பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து பக்கத்தில் வைத்தால் சரி, புடவையில் படக் கூடாது.

ஸ்ரீரங்கத்துப் பேத்தி:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நாற்றம் முக்கால்வாசி போய்விட்டது, எண்ணெய்க் கறை தேடித்தான் பார்க்க வேண்டும். பெட்னி வரியை அம்மாவும் நானும் ஒரு மத்தியானம் முழுக்க ஊசி முனையால் பிரித்தோம். பாதிக்கு மேல் தானாகவே வந்தது. தலைப்பை நெட் போடுகிற ஓர் அக்காவிடம் கொடுத்திருக்கிறேன், கைத்தையல்தான் என்று இரண்டு முறை சொல்லிவிட்டேன். தலைப்பு மூலையில் ஒரு மஞ்சள் கறை இருக்கிறது, சோப்புப் போட்டு எடுக்கட்டுமா என்று கேட்டார். கல்யாணத்தன்று மூலையில் தடவிய மஞ்சள் அது, தொடாதே என்று அம்மா போனிலேயே சத்தம் போட்டார்.

ஒரே சிக்கல், சுருட்டிய குழாய் நாலடி, பீரோவில் நுழையவில்லை. பரணில் வைக்கலாமா?

ஊசியும் நூலும்:
அம்மா சொன்னது சரி. சோப்புப் பட்டால் மஞ்சள் சிவப்பாகும்.

பரண் வேண்டாம், ஓட்டுச் சூடு முழுக்க அங்கேதான் இறங்கும். புடவையை நீளவாக்கில் ஒரே ஒரு தடவை மடித்து, மடிப்புக்குள் வேட்டித் துணியைத் திரி மாதிரி உருட்டி வையுங்கள், மடிப்பு கூராக விழாது. இரண்டடிக் குழாயில் சுருட்டி பீரோவின் அடித்தட்டில் படுக்க வையுங்கள். மேலே எதையும் அடுக்காதீர்கள்.

மயிலை மாமி:
ஊஞ்சல் படம் போடு குழந்தே. தலைப்பைத் தோளில் போட்டால் பின் குத்தாதே, நழுவினால் நாத்தனார் பிடித்துக்கொள்ளட்டும்.