செங்கோட்டையின் பழைய ஆதாரங்களும் படங்களும்: உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

பதின்மூன்று கண் பாலத்தின் பழைய படம் ஒன்று சில நாள்களாக நம்மிடையே சுற்றி வருகிறது. எடுத்தவர் யார், எந்த ஆண்டு, யார் வீட்டிலிருந்து வந்தது என்ற எந்தக் குறிப்பும் அதில் இல்லை. அந்தப் பாலம் வழியாகச் செல்லும் செங்கோட்டை–கொல்லம் ரயில் பாதையில் மீட்டர் கேஜ் தண்டவாளம் 1904 முதல் 2010 வரை இருந்ததால், அந்தத் தண்டவாளத்தை மட்டும் வைத்து ஒரு படத்தின் காலத்தைச் சொல்லிவிட முடியாது. படத்தின் பின்புறத்தில் ஸ்டுடியோ முத்திரையோ பென்சில் குறிப்போ இருந்தால் அதுவே நமக்குப் பெரிய சான்று. ஆகவே இனி அனுப்புவோர் இரு புறத்தையும் படமெடுத்து அனுப்ப வேண்டுகிறேன்.

ஆனால் நம் ஊர் வரலாற்றுக்குப் படங்களைவிட வளமான சான்று, வீட்டுத் தகரப் பெட்டிகளில் கிடக்கும் விலையாதாரங்களும் (விற்பனைப் பத்திரங்கள்) ஒற்றி ஆதாரங்களும்தான் (அடமானப் பத்திரங்கள்) என்பது என் உறுதியான எண்ணம். முன்பு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்து, 1956 நவம்பர் 1 அன்று கொல்லம் மாவட்டத்திலிருந்து பிரிந்து திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்து, 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கும் ஊர் நம்முடையது. அதனால் அரசுப் பதிவுகளைத் தேடுபவர் திருவனந்தபுரத்து ஆவணக் காப்பகத்துக்கும் போக வேண்டும், சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் போக வேண்டும். வீட்டு ஆதாரமோ எல்லைக்கோடு மாறியபோதும் இடம் மாறாமல் இருந்தது.

எங்கள் வீட்டில் உள்ள ஓர் ஆதாரத்தைச் சொல்கிறேன். திருவிதாங்கூர் அரசின் சங்கு முத்திரை பதித்த தாள். வாசகம் தமிழில், பதிவாளரின் மேற்குறிப்பு மலையாளத்தில். தேதி கொல்லம் ஆண்டு 1079 தை. விலை 350 சர்க்கார் ரூபாய், அதாவது திருவிதாங்கூர் அரசின் ரூபாய். சக்கரம் என்பது திருவிதாங்கூர் நாணயம். ஒரு சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம், பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம் என்பதால், அந்தத் தொகை 9,800 சக்கரம், அதாவது பிரிட்டிஷ் ரூபாயில் ஏறத்தாழ 344. இந்தக் கணக்கைப் போடாமல் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மதுரைப் பக்கத்து நிலவிலையோடு ஒப்பிடுவது சரியாகாது.

தேதியிலும் கவனம் வேண்டும். நம் பக்கத்தில் கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பதால், ஆங்கில ஆண்டைப் பெற ஆவணி முதல் மார்கழி நடுவரை 824-ஐயும், அதன்பின் ஆடி முடிய 825-ஐயும் கூட்ட வேண்டும். 1079 தை என்பது 1904 ஜனவரி–பிப்ரவரி. புனலூர்–செங்கோட்டை ரயில் பாதை திறந்த 1904 நவம்பரோ கொல்லம் 1080-இல் வருகிறது. எல்லாவற்றுக்கும் 825 கூட்டினால் ரயிலை ஓராண்டு தாமதப்படுத்திவிடுவோம். வாஞ்சிநாதன் திருவிதாங்கூர் வனத்துறையில் புனலூரில் பணியாற்றியவர். அவர் கலெக்டர் ஆஷைச் சுட்ட 1911 ஜூன் 17 மணியாச்சி நிகழ்ச்சியையொட்டிய திருவிதாங்கூர்க் கோப்புகளைத் தேடுவோரும் 1086 ஆனி என்றுதான் பார்க்க வேண்டியிருக்கும்.

அந்த ஆதாரத்தில் என்னை மிகவும் ஈர்த்தது நான்குமால், அதாவது நிலத்தின் நான்கு எல்லைகளின் விவரம். வயலுக்குக் கிழக்கே எந்த வாய்க்கால், தெற்கே யாருடைய தோப்பு, வடக்கே எந்தப் பாதை என்று எழுதிச் செல்லும்போது, இன்று வீட்டுமனைகளுக்கு அடியில் போய்விட்ட ஓடைகளின் பெயர்களும், ஊரில் எவரும் இப்போது சொல்லாத வயற்பெயர்களும் வரிசையாக வந்து நிற்கின்றன. ஒரே பாசனத்தைச் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு ஆதாரங்கள் கிடைத்தால், ஒன்றின் கிழக்கெல்லையை மற்றொன்றின் மேற்கெல்லையோடு பொருத்தி அந்தப் பாசனப் பரப்பான ஆயக்கட்டு முழுவதையும் வரைந்துவிடலாம். அரசிடமிருந்து குத்தகைக்குப் பெற்ற பண்டாரப்பாட்ட நிலம் வைத்திருந்தோருக்கு 1865 அரச விளம்பரம் முழு உரிமை தந்தது. அதன்பின் அந்நிலங்கள் எவ்வளவு விரைவாகக் கைமாறின என்பதையும் இவற்றை வரிசைப்படுத்தினால் காணலாம்.

அச்சில் வந்தவற்றில் நாகமையாவின் 1906-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் மானுவல் (நாட்டு விவரக் கையேடு) மூன்று தொகுதிகளாக இணையத்தில் கிடைக்கிறது. ஊர் விவரத்துக்கு அதிலிருந்து தொடங்கலாம். தெரு விவரத்துக்கு அது போதாது.

பழைய தாள்களை லேமினேஷன் செய்யவோ, கிழிசலில் செல்லோ டேப் ஒட்டவோ வேண்டாம் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பகல் வெளிச்சத்தில், விளக்கு அடிக்காமல், மடிப்பை மெல்ல விரித்துக் கைப்பேசியில் எடுத்தாலே போதும். திருவிதாங்கூரின் தனித் தபால் துறையாக இருந்து 1951-இல் இந்தியத் தபாலோடு இணைந்த திருவிதாங்கூர் அஞ்சலின் உறைகள் இருந்தால் அவற்றையும் அனுப்புங்கள். வழக்கில் உள்ள சொத்துகளின் ஆதாரங்களைப் பொதுவில் அனுப்பாமல், நான்குமால் பகுதியை மட்டும் கையால் எழுதி அனுப்பினால் போதும். குடும்பப் பெயர்களை நீக்கிய பிறகே தொகுப்பில் சேர்ப்பேன். மலையாள மேற்குறிப்புகளை வாசித்துத் தரக் கொல்லத்திலும் புனலூரிலும் வேலை பார்த்த நம் மூத்தோர் முன்வர வேண்டுகிறேன். கொல்லம் 1100-க்கு முந்தைய ஆதாரங்களை முதலில் எடுத்துக்கொள்ளலாம்.