வெஸ்நாத் வாவிப்படை: அடுத்த அப்டேட்டில் மந்திரவாதியைக் குறைக்கலாமா?

கல்லடிப்பக்கம்:

வணக்கம். பேட்டில் ஃபொர் வெஸ்நாத் விளையாடுகிற ஆட்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் நான் நினைத்ததைவிடக் கூட இருக்கிறீர்கள், அதனால் இங்கேயே கேட்கிறேன். விளையாடாதவர்களுக்குச் சுருக்கமாக: 2003 இல் டேவிட் வைட் தொடங்கிய இலவச விளையாட்டு, அறுகோணக் கட்டங்களில் முறை வைத்துப் படையை நகர்த்த வேண்டும், மூலநிரல் திறந்தே கிடப்பதால் யார் வேண்டுமென்றாலும் சொந்தப் படையொன்று செய்து சேர்க்கலாம்.

நாங்கள் மூன்று பேர் அப்படிச் செய்ததுதான் வாவிப்படை. மேப்பும் நம்முடையதுதான். நடுவில் வாவி, கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. முதல் லெவலில் நாலு யூனிட்: தோணிக்காரன் (14 பொன், ஈட்டி 6-3, அதாவது அடிக்கு 6 வீதம் மூன்று அடி, தண்ணீரில் நின்றால் 60% தப்புவான்), வட்டைக் காவல்காரன் (வயல்காவல், 13 பொன், கவண்), பாடும் மீன் (பக்கத்தில் நிற்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் 4 உயிர்ப்புள்ளி ஏற்றும்), மறுகா மந்திரவாதி. தலையிடி முழுக்க இந்த மந்திரவாதியால்தான்.

மட்டக்களப்பான் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவான் என்று வெளியூர்க்காரர் சொல்கிற கதை எல்லாருக்கும் தெரியும்தானே, அதை வைத்துத்தான் அவனைச் செய்தோம். 17 பொன், தூரத்திலிருந்து 5-3, அடி பட்டவன் பாயில் ஒட்டியவன் மாதிரி ஆகிவிடுவான். வெஸ்நாத்தில் ஏற்கெனவே இருக்கிற ஸ்லோதான் அது, பட்டவனுடைய அடி பாதியாகும், நடக்கிற செலவு இரட்டிப்பாகும். அதோடு மெஜிக்கலும் கொடுத்தோம், எதிரி காட்டுக்குள் நின்றாலும் கோட்டைக்குள் நின்றாலும் 70% படும். சனிக்கிழமை இரவுகளில் விளையாட்டிலேயே இருக்கிற லோயலிஸ்ட் படையோடு மோத விட்டுப் பார்க்கிறோம், அநேகமாக வாவிப்படைதான் வெல்கிறது, எதிரே ஆடுகிறவன் பாதியில் சலித்துப்போய் விட்டுவிடுகிறான். எனக்கு அது பெரிய கவலை. ஒரு வருசம் உட்கார்ந்து செய்த படையோடு மோத யாருக்கும் விருப்பம் வரவில்லை என்றால் என்ன பிரயோசனம்?

அடுத்த அப்டேட்டுக்குப் பேசி வைத்திருப்பது இதுதான்: மந்திரவாதியின் விலை 20, அடி 4-3. காவல்காரனை லெவல் 0 ஆக்கி 9 பொன்னுக்கு விடுவது. பாடும் மீன் இரவில் மட்டும் குணமாக்கும்படி மாற்றுவது, கல்லடிப் பாலத்தடியில் பௌர்ணமி இரவில்தானே பாட்டுக் கேட்கும். எங்கேயாவது பிழை விடுகிறோமா? விளையாடிப் பார்த்தவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள்.

மண்டூர்த்துறை:

தம்பி, உங்கள் படையை டவுன்லோட் பண்ணி நாலைந்து ஆட்டம் ஆடினேன். முதலில் மந்திரவாதி. 5 ஐ 4 ஆக்குவதில் ஒன்றும் ஆகாது, அவனை அடிக்காகவா வாங்குகிறோம்? ஒட்டவைக்கத்தான் வாங்குகிறோம். மெஜிக்கலில் மூன்று தடவை எறிந்தால் ஒன்றாவது படுகிற வாய்ப்பு 97.3%, அதாவது கிட்டத்தட்ட எப்போதும் ஒட்டும். மெஜிக்கலை எடுத்துவிட்டுப் பாருங்கள், 60% பாதுகாப்பில் நிற்கிறவன்மேல் அது 78.4% ஆக இறங்கும், வெறும் புல்வெளியில் 40% பாதுகாப்பில் நிற்கிறவன்மேல் அப்போதும் 93.6%. எதிரி நல்ல இடம் பார்த்து நின்றால் தப்பலாம், வெளியில் நின்றால் மாட்டுவான், அதுதானே நியாயம். எல்ஃப் படையில் இருக்கிற ஷாமனைப் பாருங்கள், அவளுக்கும் இதே ஸ்லோ இருக்கிறது, ஆனால் 3-2 தான், மெஜிக்கல் கிடையாது. மேஜ் என்கிற விளையாட்டின் சொந்த மந்திரவாதிக்கு 7-3 மெஜிக்கல், 20 பொன், ஆனால் ஸ்லோ இல்லை. நீங்கள் இரண்டு பேருடைய வேலையையும் ஒருவனிடம் கொடுத்து 17 பொன்னுக்கு விற்கிறீர்கள்.

ஆனால் நான் எழுத வந்த விசயம் அது இல்லை. உங்கள் படை வெல்வதற்குப் பெரிய காரணம் மேப். லோயலிஸ்டின் ஈட்டிக்காரனான ஸ்பியர்மேன் ஆழமில்லாத தண்ணீரில் இறங்கினால் ஒரு கட்டத்துக்கு 3 நடை போகும், மொத்தமே 5 நடைதான் அவனுக்கு. பாதுகாப்பு 20%. எதிரே உங்கள் தோணிக்காரன் 60% பாதுகாப்போடு நிற்கிறான். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஸ்பியர்மேன் 7-3 இல் சராசரி 8.4 தான் கொடுப்பான், வாங்குவது 14.4. இரண்டு பேரும் 14 பொன். இந்த இடத்தில் மந்திரவாதி இல்லாமலே ஆட்டம் முடிந்துவிட்டது, அவன் வந்து ஒட்டவைப்பது ஏற்கெனவே சேற்றில் புதைந்தவனைத்தான்.

நான் மண்டூர்க்காரன். எங்களுக்கு வாவி என்றால் குருமண்வெளித் துறை. சின்ன வயதிலிருந்து அந்தப் பாதையில் (ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவையில்) சைக்கிளோடும் மோட்டார் சைக்கிளோடும் ஏறித்தான் எழுவான்கரைக்குப் போய் வந்தோம், மண்முனையிலும் 2014 இல் பாலம் திறக்கும்வரை அப்படித்தான் போனார்கள். வாவியைச் சுற்றி வாழ்கிற சனம் எப்படியாவது கடக்க ஒரு வழி வைத்திருக்கும். உங்கள் மேப்பில் 16 ஊர், அகலமான வாவி, கடக்க ஒரு துறைகூட இல்லை! அதைப் பார்த்ததும் மனதுக்குச் சரியான கஷ்டமாகப் போய்விட்டது, இவ்வளவு அழகாக வரைந்துவிட்டு இதை விட்டுவிட்டீர்களே என்று. வெஸ்நாத்தில் ஃபோர்ட் (ford, கோட்டை இல்லை, கடக்கிற துறை) என்று ஒரு நிலவகை இருக்கிறது, புல்வெளியும் ஆழமில்லாத தண்ணீரும் சேர்ந்தது, யாருக்கு எது நல்லதோ அது கிடைக்கும். அதில் நின்றால் ஸ்பியர்மேனுக்கு 40%, உங்கள் தோணிக்காரனுக்கு அதே 60%. அவன் வாங்குகிற 14.4 அடி 10.8 ஆக இறங்கிவிடும். வாவிப்படைக்குத் தண்ணீர் இன்னும் சாதகம்தான், ஆனால் எதிரிக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். இரண்டு துறை, வடக்கே ஒரு பாலம். அதை வைத்துவிட்டுப் பிறகு மந்திரவாதியைத் தொடுங்கள்.

சம்மாந்துறை வெளி:

மச்சான், மண்டூர் அண்ணன் சொன்ன மேப் கதையோடு எனக்குத் தோன்றியதையும் சேர்க்கிறேன். ஆட்டம் விடியலில் தொடங்கும், 2, 3 ஆவது முறை பகல், 4 பொழுது சாய்கிறது, 5, 6 இரவு. லோயலிஸ்ட் பகலில் 25% கூட அடிக்கும், இரவில் 25% குறைவாக அடிக்கும், உங்கள் படை அதற்கு நேர் எதிர். வாவியைச் சுற்றிக்கொண்டு வந்து இரண்டு படையும் முட்டுவது எத்தனையாவது முறையில் என்று எண்ணிப் பார்த்தீர்களா? நான் ஆடினபோதெல்லாம் ஐந்தாவது முறை, சரியாக இருட்டும் நேரம். ஸ்பியர்மேனின் 7 அப்போது 5 ஆகிவிடுகிறது, தோணிக்காரனின் 6 ஏழாகிறது. துறை வைத்தால் மூன்றாவது முறையிலேயே முட்டலாம், பகல் சண்டை ஒன்றாவது லோயலிஸ்டுக்குக் கிடைக்கும். இல்லையென்றால் தொடங்கும் நேரத்தை மாற்றி மாற்றி வரும்படி வைக்கலாம், ஆட்டம் அமைக்கும் இடத்திலேயே அது இருக்கிறது.

காவல்காரனை லெவல் 0 ஆக்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். லெவல் 0 என்றால் பக்கத்தில் போகிற எதிரியை அவனால் மறிக்க முடியாது, அவனைத் தாண்டி எல்லாரும் ஓடிவிடுவார்கள். எங்கள் வட்டைக்குள் காவல் பரணில் விடிய விடிய யானைக்கு விழித்திருக்கிற ஆட்களை எனக்குத் தெரியும், என் மாமா எத்தனையோ போகம் அப்படிக் கிடந்தவர். மறிக்காத காவல்காரன் என்ன காவல்காரன்? லெவல் 0 க்குச் சம்பளம் இல்லாததால் 9 பொன்னுக்கு விட்டால் ஆட்கள் அவனையே குவிப்பார்கள், அது வேறு பிரச்சினை. 13 பொன்னிலேயே விடுங்கள், கவணில் ஒரு அடி கூட்டிக் கொடுங்கள்.

மந்திரவாதி லெவல் ஏறுவதையும் பாருங்கள். 28 அனுபவம் என்று வைத்திருக்கிறீர்கள், பலபேர் சேர்ந்து ஆடும்போது வழக்கமாக 70% தான் கேட்கும், ஆக 20 தான். லெவல் 1 ஆளைக் கொன்றால் 8. இரண்டு பேரைக் கொன்று நாலு சண்டை பிடித்தால் லெவல் 2. அது ரொம்ப சீக்கிரம். 40 ஆக்குங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து:

எல்லாம் நல்ல யோசனை, ஆனால் தயவுசெய்து எல்லாவற்றையும் ஒரே அப்டேட்டில் போட வேண்டாம். ஆறு இடத்தில் மாற்றிவிட்டு அடுத்த சனிக்கிழமை லோயலிஸ்ட் வென்றால் எதனால் வென்றது என்று யாருக்குத் தெரியும்? முதலில் மேப்பை மட்டும் மாற்றுங்கள். அதே இரண்டு பேர் ஒரு ஆட்டம் ஆடி, பிறகு படையை மாற்றிக்கொண்டு இன்னொரு ஆட்டம், மறுபடி கரையை மாற்றிக்கொண்டு இன்னொன்று. கொம்புமுறி விளையாட்டில் வடசேரி தென்சேரி என்று பிரிந்து இழுக்கிறபோது கொம்பு இரண்டும் ஒத்த வலுவில் இருக்கிறதா என்று எவ்வளவு கவனமாகப் பார்ப்பார்கள், அந்தக் கவனம் இதிலும் வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்தின் ரீப்ளேயையும் சேமித்து வையுங்கள். இது பகடை உருளுகிற விளையாட்டு, ஒரு ஆட்டத்தை வைத்து முடிவு எடுக்க முடியாது.

கொம்பியூட்டரைக் கொம்பியூட்டரோடு ஆட விட்டும் நான் பார்த்தேன், அதை நம்பி ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். ஒட்டவைத்துவிட்டு அடுத்தவனைக் கொண்டு முடிக்கிற யோசனை அதற்கு வராது, காயப்பட்டவனைப் பின்னுக்கு எடுப்பதும் குறைவு.

மந்திரவாதிக்கு நான் சொல்வது வேறு. மெஜிக்கலை எடுக்கவும் வேண்டாம், விலையைக் கூட்டவும் வேண்டாம். ஸ்லோ எழுதியிருக்கிற இடத்தில் ஆக்டிவ்_ஒன் என்பதற்கு ஒஃபென்ஸ் என்று போட்டுவிடுங்கள், அவன் தாக்கும்போது மட்டும் ஒட்டும், அவனைத் தாக்குகிறவன்மேல் ஒட்டாது. இப்போது ஒரு வில்லாளி அவனைத் தூரத்திலிருந்து அடிக்கப் போனாலும் ஒட்டுப்பட்டுப் பாதி அடிதான் கொடுக்கிறான், அதனால் அவனுக்குக் கிட்டப் போகவே எல்லாரும் பயப்படுகிறார்கள். மந்திரவாதி வந்து ஒட்டவைப்பது கதைக்குப் பொருந்துகிறது, அவனுடைய முறை வராமலே ஒட்டுவது பொருந்தவில்லை. இன்னொன்று, 1.18 க்கு ஏற்றும்போது தனியாகத்தான் ஏற்ற வேண்டும், 1.16 இல் போட்டது அங்கே தானாக வராது. 1.18 வந்தது 2024 மார்ச்சில், போனில் ஆடுகிறவர்களில் எனக்குத் தெரிந்த எல்லாரும் இப்போது அதில்தான்.

படம் கீறுபவள்:

யூனிட்களுக்குப் படம் கீறியது நான். பாடும் மீனை இரவில் மட்டும் குணமாக்க வைப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை. இரவில் ஏற்கெனவே இந்தப் படைக்கு 25% கூட, அதற்கு மேல் குணமும் இரவில் என்றால் பகலில் ஒன்றும் செய்யாமல் ஓடி ஒளிய வேண்டியதுதான், இரவில் எதிரி ஓடி ஒளிய வேண்டும். ஆட்டம் ஊஞ்சல் மாதிரி ஆகிவிடும். தண்ணீருக்குள் நின்றால் மட்டும் குணமாக்கும் என்று வைக்கலாம், மீன் தண்ணீரை விட்டு வெளியே வந்து பாடுமா? துறைகளும் வந்துவிட்டால் அந்தத் தண்ணீர்க் கட்டங்களைப் பிடிக்கத்தான் சண்டையே நடக்கும். துறைக்கு வேண்டிய படத்தை 72க்கு 72 பிக்சல் அளவில் நானே கீறித் தருகிறேன், குருமண்வெளிப் பாதையின் போட்டோ யாரிடமாவது இருந்தால் போடுங்கள், இறங்குகிற இடத்தில் இருக்கிற மரமும் தெரிந்தால் நல்லது.

கல்லடிப்பக்கம்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. மண்டூர் அண்ணன், துறை இல்லை என்று நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு மேப்பைத் திறந்து பார்த்தேன், கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. பாலத்தில் நின்று வாவியைப் பார்த்து வளர்ந்தவன் நான், அதனால் கடப்பது எனக்கு ஒரு யோசனையாகவே வரவில்லை போல.

இப்படிச் செய்கிறோம். முதல் அப்டேட்டில் மேப் மட்டும்: தெற்கேயும் நடுவிலும் துறை, வடக்கே பாலம், கரையோர ஊர்களில் இரண்டைப் படுவான்கரை உள்பக்கம் தள்ளுகிறேன். அதோடு நாலு வாரம் ஆடுவோம், கரை மாற்றி, படை மாற்றி. இரண்டாவதில் ஸ்லோவை ஒஃபென்ஸ் மட்டும் ஆக்கி, அனுபவத்தை 40 ஆக்குகிறேன். மெஜிக்கலை எடுப்பதா என்பதை அதற்குப் பிறகு ரீப்ளே பார்த்துத்தான். காவல்காரன் லெவல் 1 இலேயே நிற்பான், சம்மாந்துறை மச்சானின் மாமாவுக்காகவும்தான். மீன் தண்ணீரில் மட்டும், அது மூன்றாவதில்.

வருகிற சனி இரவு 8 மணிக்கு 1.18 சேர்வரில் அறை திறக்கிறேன். லோயலிஸ்ட் ஆட இரண்டு பேர் வேண்டும், படுவான்கரைப் பக்கம் நிற்க விருப்பமானவர்கள் கீழே எழுதுங்கள்.

மண்டூர்த்துறை:

நான் வருகிறேன். துறையின் போட்டோ நாளைக்குக் காலையில் எடுத்துப் போடுகிறேன், மரமும் தெரியும்படி.