மருந்து பில்லில் எதற்குப் பணம் வரும், எதற்கு வராது? எல்லையோரத்து அனுபவங்கள்

செங்கோட்டையிலிருந்து:

இன்சூரன்ஸ் இருக்கிறது, மருந்துச் செலவைப் பற்றிக் கவலையில்லை என்று நம் பக்கத்தில் பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். எந்த மருந்து, எதற்காக எழுதியது, ஆஸ்பத்திரிக்குள் கொடுத்ததா, வீட்டுக்கு வந்தபின் வாங்கியதா என்பதையெல்லாம் பார்த்துத்தான் பணம் தருவார்கள். இதை டிஸ்சார்ஜ் அன்று பில் கவுண்டரில் நின்று தெரிந்துகொள்ளும் நிலை யாருக்கும் வரக்கூடாது. எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். மற்றவர்களும் எழுதுங்கள்.

என் மதினிக்குத் தலையில் கட்டி. புற்று இல்லை, ஆனாலும் ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்றார்கள். மூளை, இதயம் என்றால் எங்கள் ஊரிலிருந்து ஆரியங்காவு தாண்டித் திருவனந்தபுரம் போவதுதான் வழக்கம். தனியார் மருத்துவமனை, அண்ணன் பெயரில் பாலிசி, கேஷ்லெஸ் (பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேராக ஆஸ்பத்திரிக்குக் கட்டும் முறை). ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

டிஸ்சார்ஜ் அன்று கைக்கு வந்த பில்லில் ஃபார்மஸி பகுதி மட்டுமே பல பக்கம். கூடவே கம்பெனி அனுப்பிய ஒப்புதல் கடிதம், அதில் 'பிடித்தம்' என்று ஒரு பெரிய தொகை. எதற்கு இந்தப் பிடித்தம் என்று கேட்டால் 'நான்-மெடிக்கல்', அதாவது மருத்துவச் செலவு அல்லாதது என்று ஒரே பதில். நான் பென்சிலை எடுத்துக்கொண்டு வரிவரியாக உட்கார்ந்தேன். கையுறை, மாஸ்க், தெர்மாமீட்டர், நெபுலைசர் கிட், டயப்பர், இசிஜி எலெக்ட்ரோடு, ஊசி ஏற்றுவதற்குக் கையில் குத்திவைக்கும் வாஸோஃபிக்ஸ் என்று போய்க்கொண்டே இருந்தது. அதற்குக் கீழே பஞ்சு, காஸ் (புண்ணில் வைக்கும் வலைத்துணி), சர்ஜிக்கல் டேப், ஸ்பிரிட், ஸ்டெரிலியம் (கையில் தேய்க்கும் கிருமிநாசினி), யூரின் பேக்.

இவை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கழித்திருந்தார்கள். ஆனால் இவை ஒரே வகை இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. நான்கு பட்டியல் வைத்திருக்கிறது. முதல் பட்டியலில் 68 பொருட்கள். இவற்றுக்குச் சாதாரண பாலிசியில் பணம் கிடையாது. கையுறை, மாஸ்க், டயப்பர் எல்லாம் இதில் வரும். இரண்டாவதில் உள்ள 37 பொருட்கள் அறை வாடகைக்குள் அடக்கம். மூன்றாவதில் உள்ள 23 பொருட்கள் ஆபரேஷன் கட்டணத்துக்குள் அடக்கம். பஞ்சு, காஸ், டேப் இதில்தான் இருக்கின்றன. நான்காவதில் உள்ள 18-ம் சிகிச்சைச் செலவுக்குள் அடக்கம். ஸ்பிரிட், ஸ்டெரிலியம், யூரின் பேக், குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் எல்லாம் அங்கே.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். 'அடக்கம்' என்றால் ஆஸ்பத்திரி அதற்குத் தனியாக விலை போடக்கூடாது. அறை வாடகையிலும் ஆபரேஷன் கட்டணத்திலும் அது ஏற்கெனவே இருக்கிறது. பில்லில் தனி வரியாக எழுதினால் கம்பெனி கழித்துவிடும், ஆஸ்பத்திரி நம்மிடம் வாங்கிவிடும். நடுவில் மாட்டிக்கொள்வது நோயாளி. நான் இன்சூரன்ஸ் டெஸ்கில் போய், "இந்தப் பஞ்சும் டேப்பும் ஆபரேஷன் கட்டணத்துக்குள் வருவதுதானே, ஏன் தனியாகப் போட்டிருக்கிறீர்கள்?" என்று பட்டியலைக் காட்டிக் கேட்டேன். மலையாளத்தில் கொஞ்ச நேரம் உள்ளே போனில் பேசினார்கள். பிறகு அந்த வரிகளை எடுத்துவிட்டுப் புது பில் தந்தார்கள். முதல் பட்டியலில் இருந்ததை மட்டும் நாங்கள் கட்டினோம். அதற்கும் சேர்த்துப் பணம் தரும் 'கன்ஸ்யூமபிள்ஸ்' கூடுதல் பாதுகாப்பு பல கம்பெனிகளில் உண்டு. பெரிய ஆபரேஷன் என்றால் இந்தச் சின்னச் சாமான்களே நல்ல தொகைக்கு வந்துவிடும். பாலிசி எடுக்கும்போதே அது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது வீட்டுக்குக் கொடுத்துவிட்ட மாத்திரைகள். வலிப்பு வராமலிருக்க லெவெடிராசெட்டம், வயிற்றுக்குப் பான்டோப்ரசோல், கூடவே கால்சியம், வைட்டமின். இவற்றை கேஷ்லெஸ் பில்லிலிருந்து எடுத்துவிட்டார்கள். பணம் போய்விட்டது என்று அண்ணன் விட்டுவிட இருந்தார். பாலிசியில் 'மருத்துவமனைக்குப் பிந்தைய செலவு' என்று தனிப் பிரிவு உண்டு. டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து சில பாலிசிகளில் 60 நாள், சிலவற்றில் 90, இன்னும் சிலவற்றில் 180 நாள் வரை, அதே நோய்க்கான மருந்து, டெஸ்ட், டாக்டர் ஃபீஸ் எல்லாவற்றையும் நாம் முதலில் கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்கலாம். அட்மிட் ஆவதற்கு முன் 30 அல்லது 60 நாள் செலவுக்கும் இப்படித்தான்.

ஊருக்கு வந்தபின் மாத்திரையை இங்கே கடையில் வாங்கினோம். திருவனந்தபுரத்து டாக்டர் எழுதிய பிராண்டு இங்கே இல்லை. அதே மருந்து, வேறு கம்பெனி. கிளெய்ம் போட்டதும் 'சீட்டில் உள்ள மருந்தும் பில்லில் உள்ள மருந்தும் வேறு' என்று கேள்வி வந்தது. கடை அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். "தம்பி, துண்டுச் சீட்டு பில் வேண்டாம், கம்ப்யூட்டர் பில்லாப் போட்டுத் தாரேன். பேட்ச் நம்பர், லைசென்ஸ் நம்பர் எல்லாம் அதுல வந்துரும். டாக்டர் பேரை மட்டும் சொல்லு" என்றார். பிராண்டுக்குப் பக்கத்திலேயே லெவெடிராசெட்டம் 500 என்று மூலப்பெயரையும் எழுதி முத்திரை வைத்துத் தந்தார். அடுத்த முறை செக்கப்புக்குப் போனபோது டாக்டரிடமும் மூலப்பெயரில் எழுதி வாங்கிக்கொண்டோம். அதன்பிறகு அந்தக் கேள்வியே வரவில்லை. எல்லை தாண்டிச் சிகிச்சை எடுத்துவிட்டு ஊரில் மருந்து வாங்குகிற எல்லாருக்கும் இது தேவைப்படும்.

கால்சியத்தையும் வைட்டமினையும் 'சத்து மாத்திரை' என்று தள்ளினார்கள். பாலிசி விலக்குகளில் 14-ஆவது அதைத்தான் சொல்கிறது. ஆனால் அதே வாக்கியத்தின் கடைசியில், அட்மிட் ஆகி எடுத்த சிகிச்சையின் பகுதியாக டாக்டர் எழுதியிருந்தால் விலக்கு இல்லை என்றும் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த இரண்டு மாத்திரையும் எழுதியிருந்த பக்கத்தை இணைத்து மெயில் போட்டோம். பணம் வந்தது.

களியக்காவிளையிலிருந்து:

செங்கோட்டை அண்ணன் எழுதியதோடு எங்கள் அம்மையின் கதையையும் சேர்க்கிறேன். மார்பகப் புற்றுநோய். ஊசி கீமோ முடிந்து, கேப்சிடபின் மாத்திரை எழுதினார்கள். வீட்டிலிருந்தே சாப்பிடும் கீமோ மாத்திரை. கிளெய்ம் போட்டால், 'அட்மிட் ஆகவில்லை, புறநோயாளி மருந்து' என்று நிராகரித்துவிட்டார்கள்.

அழுகைதான் வந்தது. மாத்திரையை நிறுத்திவிடலாமா என்றுகூட அம்மை கேட்டாள். என் கூட்டுக்காரி ஒருத்தி காப்பீட்டுத் துறையில் வேலை செய்கிறாள். அவள்தான் சொன்னாள்: ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-இல் 12 நவீன சிகிச்சைகளைப் பட்டியலிட்டு, அவற்றை பாலிசியிலிருந்து விலக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. வாய்வழிக் கீமோ அதில் இருக்கிறது. ஊசியாகப் போடும் மோனோகுளோனல் ஆன்டிபாடி இருக்கிறது. கண்ணுக்குள் போடும் ஊசியும் இருக்கிறது. கம்பெனி உச்சவரம்பு வைக்கலாம், மொத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது. கேப்சிடபின் வாய்வழிக் கீமோ என்று டாக்டரிடம் ஒரு வரி எழுதி வாங்கி மறுபடி அனுப்பினோம். பாலிசியில் போட்டிருந்த வரம்பு வரைக்கும் தந்தார்கள்.

அதற்குப்பின் லெட்ரோசோல். இது ஹார்மோன் மாத்திரை, வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டும். இதை கீமோ இல்லை என்று சொல்லிவிட்டார்கள், எங்களுக்குக் கிடைக்கவில்லை. புற்றுநோய்க்கு எழுதும் எல்லா மாத்திரையும் 'கீமோ' என்ற சொல்லுக்குள் வராது. சிகிச்சை தொடங்கும் முன்பே டாக்டரிடம் மருந்துகளின் பெயரை வரிசையாக எழுதி வாங்கி, ஒவ்வொன்றும் எந்தப் பிரிவில் வரும் என்று கம்பெனியிடம் மெயிலில் கேட்டு, பதிலையும் மெயிலிலேயே வாங்கிவையுங்கள். போனில் சொன்னது பிறகு கணக்கில் வராது.

இன்னொன்று. நாங்கள் தமிழ்நாட்டில் இருக்கிறோம், பாலிசி திருவனந்தபுரம் கிளையில் எடுத்தது. சண்டை என்று வந்தால் எங்கே போவது என்று குழம்பினோம். இன்சூரன்ஸ் கம்பெனி மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரியான இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் நாம் குடியிருக்கும் இடத்தை வைத்தும் புகார் கொடுக்கலாம், கம்பெனிக் கிளை இருக்கும் இடத்தை வைத்தும் கொடுக்கலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னை அலுவலகம், கேரளத்துக்குக் கொச்சி. காசு வாங்கமாட்டார்கள், வக்கீலும் தேவையில்லை. முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் பார்க்கவேண்டும்.

குமுளியிலிருந்து:

எங்கள் பக்கம் ஏலத்தோட்டத்து ஜனங்கள். கையில் இருப்பது அரசு காப்பீட்டு அட்டைதான். அதில் ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை மருந்து, சிகிச்சைக்கென்று நிர்ணயித்த மொத்தத் தொகையான பேக்கேஜுக்குள் அடங்கிவிடும். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் அட்மிஷனுக்கு முன் 3 நாள், டிஸ்சார்ஜுக்குப் பின் 15 நாள் மருந்தும் சேர்த்தி. என் சித்தப்பாவைப் படுக்கையில் வைத்துக்கொண்டே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சீட்டைக் கொடுத்து, 'இந்த ஊசியை வெளியே வாங்கிட்டு வாங்க' என்றார்கள். சித்தி கம்மலைக் கழற்றப் போய்விட்டார். நான் அங்கே இருந்த திட்ட உதவி மேசையில் சீட்டைக் காட்டி, பேக்கேஜில் இது இல்லையா என்று கேட்டேன். ஊசி உள்ளேயிருந்தே வந்தது. வெளியே வாங்கச் சொன்னால் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள், அதுதான் சாட்சி.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

இங்கே வேறு மாதிரி ஒன்று. என் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள், பேரனுக்குச் சிறுவயதுச் சர்க்கரை நோய். அங்கே ஒவ்வொரு இன்சூரன்ஸ் திட்டத்துக்கும் தனி மருந்துப் பட்டியல் உண்டு, ஃபார்முலரி என்கிறார்கள். தினசரி மாத்திரையும் அதில் வரும். மருந்துகளைப் படிப்படியாக அடுக்கியிருப்பார்கள். கீழ்ப் படியில் ஜெனரிக், அதாவது மூலப்பெயரில் விற்கும் மலிவு மருந்து, நம் கைக்காசு குறைவு. மேலே போகப் போக நம் பங்கு ஏறும். சில மருந்துக்கு முன் அனுமதி வேண்டும். சிலவற்றில் மலிவான மருந்தை முதலில் சாப்பிட்டுப் பார்த்துச் சரியாகவில்லை என்றால்தான் மேலே உள்ளதற்குப் பணம்.

ஒரு ஜனவரியில் பேரன் போட்டுக்கொண்டிருந்த இன்சுலின் பட்டியலிலிருந்து போய், வேறு பிராண்டு வந்துவிட்டது. குழந்தைக்கு ஒத்துப்போன மருந்து. மகள் ராத்திரி எனக்குப் போன் போட்டு அழுதாள். டாக்டர் விதிவிலக்கு கேட்டு எழுதினார். அது அவள் அங்கே இன்சூரன்ஸ் விற்கும் அரசு இணையச் சந்தை வழியாக வாங்கிய திட்டம். அதில் சாதாரணமாக 72 மணி நேரத்துக்குள்ளும், அவசரமென்றால் 24 மணி நேரத்துக்குள்ளும் பதில் சொல்லவேண்டும் என்பது விதி. அனுமதி கிடைத்தது. இப்போதெல்லாம் புது வருஷத் திட்டம் எடுக்கும்முன் முதலில் அந்தப் பட்டியலில் இன்சுலின் பெயரைத் தேடிவிட்டுத்தான் விலையைப் பார்க்கிறாள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இதைச் சொல்லிவையுங்கள்.

புளியரையிலிருந்து:

ஒரு சந்தேகம். அப்பாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் இருக்கிறது. மாதாமாதம் மாத்திரைக்கே நிறையப் போகிறது. புதிதாக பாலிசி எடுத்தால் இது கிடைக்குமா?

செங்கோட்டையிலிருந்து:

சாதாரண பாலிசியில் மாத மாத்திரைக்குப் பணம் வராது. ஓ.பி.டி., அதாவது புறநோயாளிச் செலவுக்கு என்று தனிச் சேர்க்கை எடுத்தால் வரும். ஆனால் அதற்குக் கட்டும் கூடுதல் பிரீமியத்தையும், வருஷத்துக்கு அவர்கள் தரும் உச்சத் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் எடுக்க வேண்டாம்.

சர்க்கரையையும் பிரஷரையும் விண்ணப்பத்தில் கட்டாயம் எழுதுங்கள். ஏஜென்ட் வேண்டாம் என்று சொன்னாலும் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் இப்போது அதிகபட்சம் 3 வருஷம்தான், முன்பு 4 இருந்தது. மறைத்தால் பிறகு மாரடைப்பு வந்து படுத்தாலும் மொத்த கிளெய்மையும் அதைக் காட்டி நிறுத்திவிடுவார்கள்.

பாலிசி கைக்கு வந்ததும் கூடவே வாடிக்கையாளர் தகவல் தாள் வரும். தமிழில் வேண்டும் என்று கேளுங்கள், கேட்டால் தரவேண்டும். விலக்குகள், காத்திருப்பு, வரம்பு மூன்றையும் அதில் படித்துவிட்டு, சரிப்படவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மாத்திரைக்கு இப்போதைக்கு வழி: அப்பாவை உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அங்கே இல்லாத மருந்து இருந்தால் மூலப்பெயரை எழுதி எடுத்துக்கொண்டு, மலிவு விலைக்கு மருந்து விற்கும் முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ கேளுங்கள். சீட்டைப் பெயர், நம்பர் தெரியாமல் மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், எது எங்கே கிடைக்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.