ஜீன் டெஸ்ட் வரை போனவர்கள் யாராவது உண்டா? நடந்ததைச் சொல்லுங்கள்

குடியாத்தத்தான்:
அப்பாவுக்கு ஹண்டிங்டன், பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கக்கூடிய, கை கால் தானாக ஆடும் மூளை நோய். ஜீனில் ஒரு துண்டு எத்தனை தடவை திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணுவார்கள், ரிசல்ட்டில் 44 என்று வந்தது, இங்கே இருப்பவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. எனக்கு உறுத்துவது அந்த நம்பர் இல்லை. அன்றைக்கு கவுன்சிலிங் அறையில் ஒரு மேடம் வெள்ளைத் தாளில் பென்சிலால் எங்கள் குடும்பத்தை வரைந்தார், ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். நோய்க்கு அடையாளமாக அப்பாவின் கட்டத்தைக் கருப்பாகத் தீட்டிவிட்டு தாத்தாவைப் பற்றிக் கேட்டார். தாத்தாவை எங்கள் தெருவே குடிகாரன் என்றுதான் சொல்லும், தள்ளாடித் தள்ளாடித்தான் நடப்பார், தறியில் உட்கார்ந்தால் கை கால் ஒரு இடத்தில் நிற்காது, ஆனால் மனுஷன் ஒரு சொட்டு தொட்டதில்லை என்று பாட்டி சாகும் வரை சொல்லிக்கொண்டே இருந்தார், யாரும் நம்பவில்லை, நானும்தான். இதைச் சொன்னதும் தாத்தா கட்டத்தையும் தீட்டி, பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டார். அடுத்து பென்சில் என் கட்டத்துக்கு வந்து நின்றது. "உங்களுக்குப் பார்க்கணுமான்னு இன்னைக்கே சொல்ல வேணாம், வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வாங்க" என்றார். எட்டு மாதம் ஆகிறது. ராத்திரியில் அந்தக் காலிக் கட்டம்தான் கண்ணில் நிற்கிறது.

பாலாறு77:
யோசிக்க என்ன இருக்கிறது தம்பி? போய்ப் பார்த்துவிடு. எங்கள் வீட்டில் வில்சன் நோய், உடம்பில் செம்பு தேங்கும் பரம்பரை நோய். அம்மா கட்டியது சொந்தத் தாய்மாமனை. தம்பிக்குப் பத்தாம் வகுப்பில் கையெழுத்து கோணலாகிப் பேச்சும் குழறியபோது வாத்தியார் திமிர் என்று அடித்தார். கடைசியில் கண் டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்து, கருவிழி ஓரத்தில் பழுப்பாக ஒரு வளையம் இருக்கிறது, செம்பு படிந்தது என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் எங்கள் எல்லோருக்கும் ஜீன் டெஸ்ட். கபடி ஆடிக்கொண்டு நன்றாக இருந்த தங்கைக்கும் இருந்தது! இன்றுவரை ஜிங்க் மாத்திரையில் இருக்கிறாள், ஒரு நடுக்கம் கிடையாது. அன்றைக்குப் பார்க்காமல் விட்டிருந்தால்?

காட்பாடி ஜங்ஷன்:
பாலாறு அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள், இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். வில்சனில் தெரிந்தால் மாத்திரை இருக்கிறது. ஹண்டிங்டனில் ஆட்டத்தைக் குறைக்கத்தான் மாத்திரை, நோயை நிறுத்த இல்லை. தெரிந்துகொண்டு அவர் என்ன செய்வார்? தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் அவர் உரிமைதான்.

எங்கள் கதை வேறு. அப்பாவுக்கு நடை தடுமாற்றம். எக்ஸோம் என்று, ஜீன்களை மொத்தமாகப் படிக்கும் டெஸ்டுக்கு ஒரு தனியார் லேபில் பெரிய தொகை கட்டினோம். "ஒன்றும் இல்லை" என்று ரிப்போர்ட் வந்ததும் ஆற்காட்டுக்கு வண்டி விட்டு ஒரு கிலோ மக்கன் பேடா வாங்கி சத்துவாச்சாரித் தெரு முழுக்கக் கொடுத்தேன். நான்கு மாதம் கழித்து வேறு டாக்டர் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இது எழுத்துப் பிழையைத்தான் பிடிக்கும், அதே மூணு எழுத்து திரும்பத் திரும்ப வந்து நீண்டு கிடந்தால் சரியா எண்ணாது, அதுக்குத் தனி டெஸ்ட்" என்றார். தனி டெஸ்டில் எஸ்சிஏ 1 என்று வந்தது, நடையைத் தடுமாற வைக்கும் பரம்பரை நோய். பணம் கட்டும்போது ஒருத்தர் இதைச் சொல்லவில்லை. பேடா தின்ற பக்கத்து வீட்டுக்காரர் இன்றும் "அப்பாவுக்குத்தான் ஒண்ணும் இல்லையே" என்கிறார்.

ஆற்காடு அக்கா:
என் மாமனாருக்கும் ஹண்டிங்டன், என் வீட்டுக்காரர் டெஸ்ட் எடுக்கவில்லை, அவ்வளவுதான் என் கதை. ஆனால் குடியாத்தம் தம்பிக்குச் சில விஷயம். முதலில் இன்சூரன்ஸ் போட்டுவிடு, மரபணு நோயைக் காரணம் காட்டி விலக்கக்கூடாது என்று 2018-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ சொன்னது மருத்துவக் காப்பீட்டுக்குத்தான், ஆயுள் காப்பீட்டுக்காரன் குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று துருவுவான். குழந்தை இருந்தால் அதற்கு இப்போது டெஸ்ட் கேட்காதே, பெரியவர்களுக்கு வரும் நோய்க்கு 18 வயதுக்கு முன்னால் பார்க்க மாட்டார்கள், அது சரியும்கூட. நம்பர் 40 அல்லது அதற்கு மேலே வந்தால் நோய் வரும், 36 முதல் 39 வரை என்றால் வரலாம், வராமலும் போகலாம், எந்த வயதில் என்று எவரும் தேதி போட்டுத் தர மாட்டார்கள். அப்பா வழியாக இறங்கும்போது நம்பர் கூடுவதும் உண்டு, அதைக் கேட்டு வைத்துக்கொள். தனியாகப் போகாதே, கூட ஒரு ஆள் வேண்டும், ஆனால் மச்சானைக் கூட்டிப்போகாதே. ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதே. கல்யாணத்துக்கு நிற்கும் பெண் வீட்டில் இருந்தால் ஊரில் வாயே திறக்காதே.

பாலாறு77:
அக்கா, வாயைத் திறக்காமல் இருந்துதானே அவர் தாத்தா குடிகாரன் ஆனார்?

குடியாத்தத்தான்:
அக்கா, நன்றி, இன்சூரன்ஸ் பற்றி நான் விசாரிக்கவே இல்லை. டெஸ்ட் இன்னும் முடிவு செய்யவில்லை. பாலாறு அண்ணன் சொன்ன பிறகு ஒன்று செய்தேன். எதிர் வீட்டுப் பெரியவர், தாத்தாவோடு தறி ஓட்டியவர், அவரிடம் போய் எங்கள் தாத்தாவுக்கு இருந்தது குடி இல்லை, நோய் என்று சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கொஞ்ச நேரம் இருந்தார். "பக்கத்துத் தறியிலதான் உக்காந்திருந்தேன். ஒரு நாளும் வாடை வந்ததில்லப்பா" என்றார்.