மான் வேட்டைக்கு மசில்லோடர்: எதை வாங்கலாம்?

வணக்கம். ஒஹாயோவில் இருக்கிறேன். ஜனவரி மசில்லோடர் (குழல் வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கி) சீசனில் வெள்ளைவால் மான் வேட்டைக்காக முதல் துப்பாக்கி வாங்கப் போகிறேன். கையில் 300 டாலர்தான்.

சிவிஏ வுல்ஃப், டிரெடிஷன்ஸ் பக்ஸ்டாக்கர் இரண்டில் ஒன்று என்று வந்து நிற்கிறேன். இரண்டுமே 50 கேலிபர் (குழலின் உள்விட்டம் அரை அங்குலம்), 209 பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு வெடிப்பான்). நான் உட்காரும் இடம் அடர்ந்த காடு, 80 கெஜத்துக்கு மேல் சுட வாய்ப்பில்லை. அதனால் தூரம் பிரச்சினை இல்லை. கவலையெல்லாம் துருதான்.

போன வருடம் நண்பரிடம் இரவல் வாங்கிய துப்பாக்கியில் பைரோடெக்ஸ் என்ற வெடிமருந்து போட்டுச் சுட்டேன். களைப்பில் துடைக்காமல் வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துக் குழலில் துணி விட்டு இழுத்தால் செங்கல் பொடி மாதிரி சிவப்பாக வந்தது. பிரீச் பிளக் (குழலின் பின்முனையை அடைக்கும் திருகு) இறுகி, ஒரு ராத்திரி எண்ணெயில் ஊறிய பிறகுதான் கழன்றது. நண்பர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

வுல்ஃபில் பிளக்கைக் கையாலேயே கழற்றலாம் என்கிறார்கள். நாள் முழுக்க ஈரக் குளிரில் இருந்து, சுட்ட பிறகும் அப்படி வருகிறதா? இல்லை, இன்னும் கொஞ்சம் சேர்த்து ஸ்டெயின்லெஸ் குழல் உள்ள சிவிஏ ஆப்டிமா வாங்கிவிடலாமா?

அப்புறம், வெடிமருந்தும் குண்டும். இரண்டாவது முறை கெட்டிப்பதற்குள் மான் ஓடிவிடும். காயத்தோடு விட எனக்கு மனசில்லை. வைத்திருப்பவர்கள் எவ்வளவு மருந்து, எந்தக் குண்டு போடுகிறீர்கள் என்று சொன்னால் பெரிய உதவி.